எட்டுப் பேர் ஏறும் படகு

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

அந்தப் படகில் நான் முதலில் பார்த்தது ஓட்டுகிறவர் இருக்கையின் தையல். சாம்பல் நிற உறையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைத் தையல். தூண்டில் நரம்பை எடுத்து யாரோ கையால் தைத்திருந்தார்கள். சீராக இல்லை, ஆனால் இறுக்கமாக இருந்தது. எல்லாரும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் உடம்பைப் பற்றி முதலில் கேட்டிருக்க வேண்டும். முதுகுவலி குறைந்ததா? இங்கே அம்மாவுக்குச் சளி. அப்பாவுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை.

அப்பாவும் டைலர் மாமாவும் கூட்டாக ஒரு பழைய மோட்டார் படகு வாங்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீடும் அவர் வீடும் ஏரிக்குப் போவதற்கு. மற்ற நாட்களில் சினேகிதர்கள் கேட்டால் கொடுப்பதற்கு. யோசனை மாமாவுடையது. அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். "கால் போனா காலோட போகட்டும், ஏரியையும் சேர்த்தா விடணும்?" என்றார் மாமா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு பேருக்கும் படகில் அரிச்சுவடி தெரியாது. அப்பா டிப்போவில் பஸ் வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிறவர். டிரெய்லரின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மாமா இருக்கையைத் தடவி, "துணி நல்ல துணி" என்றார். விற்கிறவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எத்தனை பேர் போவீங்க?" என்று அவர் கேட்டார். அப்பா ஏழு என்றார். அதே நேரத்தில் மாமா எட்டு என்றார்.

"எண்ணத் தெரியலையா உனக்கு?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியுது. உனக்குத்தான் ஒண்ணு குறையுது" என்றார் மாமா.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எனக்கு எழுது. உன்னைக் கேட்டது அப்பாவுக்குத் தெரியாது. நீ போய் ஏழு மாதமாகிறது. இன்னும் உன் பேச்சை வீட்டில் எடுக்க முடியவில்லை.

தங்கை


பிப்ரவரி 27

கோட்டானுக்கு,

முதுகு பரவாயில்லை. பம்ப் பட்டறையில் குனிந்தே நிற்கிற வேலை. குனிந்தால் வலிக்காது, நிமிர்ந்தால்தான் வலிக்கும். அம்மாவை ஆவி பிடிக்கச் சொல்.

படகு எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பார்க்க வேண்டியவை இவை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரை முழுக்க நட. எங்காவது ஊறின பிஸ்கட் மாதிரி அமுங்கினால் அடியில் பலகை மக்கிவிட்டது. எஞ்சின் மாட்டியிருக்கிற பின்பலகையைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டு. டக் டக் என்று கேட்க வேண்டும். தொப் என்று கேட்டால் வந்துவிடு. கிளப்புவதற்கு முன் எஞ்சினில் கையை வை. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது என்று அர்த்தம். ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீய்ச்ச வேண்டும். கியர் எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. அடியில் ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கே விரிசல்.

அப்பாவிடம் நீயே கண்டுபிடித்த மாதிரி காட்டிக்கொள்.

மாமாவின் கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மா ஆவி பிடித்தாள், மூக்கு உரிந்துவிட்டது.

அதே படகைத் திரும்பப் பார்க்கப் போனோம். அம்மா, மாமி, மாமாவின் இரண்டு பெண்கள் என்று எல்லாரும் வந்தார்கள். "என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி கூட்டமா வந்திருக்கீங்க" என்றார் விற்கிறவர். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மூன்றாவது அடியிலேயே தரை அமுங்கியது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அவர் பாதத்தை அந்த இடத்தில் வைத்தேன். அப்பா பாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விற்கிறவரைப் பார்த்தார்.

"தண்ணி பட்டா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் சார்" என்றார் அவர்.

"படகு வேற எங்கப்பா இருக்கும், மொட்டை மாடியிலயா?" என்றார் மாமா.

திரும்பும்போது அப்பா, "என் பொண்ணு வாயைத் திறக்க மாட்டா, ஆனா கால்ல கண்ணு வச்சிருக்கா" என்று மூன்று தடவை சொன்னார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முன் விற்கிறவர் மாமாவின் காலைப் பற்றிக் கேட்டார். மாமா பேச்சை மாற்றப் பார்த்தார். அப்பா முழுவதையும் சொன்னார். அவர் எப்போதும் ஒரே வார்த்தைகளில்தான் சொல்கிறார். போன ஜூலையில் டிப்போ மேலாளர் ஒரு நாளைக்குத் தன் படகைக் கொடுத்தார். என் பையன் ஓட்டினான். இவர் நீந்திவிட்டுப் பின்னால் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். யாரையும் கேக்காம அவன் கியரைப் போட்டான். எஞ்சின் விசிறி இவர் காலைப் பிடிச்சுடுச்சு. என் முகத்துல முழிக்காதேன்னு அனுப்பிட்டேன். 'யாரையும் கேக்காம' என்ற இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்துகிறார்.

நான் டிரெய்லரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். வலது பாதத்தை மாமாவால் தூக்க முடியாது. தகடு வைத்த காலணி போட்டு நடக்கிறார்.

தங்கை


ஏப்ரல் 3

கோட்டானுக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பது கேட்டுச் சந்தோஷம். நானும் அப்படியே.

தரை அமுங்கிய படகைக் கைவிட்டது நல்லது. இப்படியே இன்னும் நாலு பார்த்தால் அவர்களுக்கே அலுத்துவிடும். வீட்டில் ஓட்டத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பதையும் மாமாவிடம் நினைவுபடுத்து.

நீ செப்டம்பரிலிருந்தே பள்ளிக்கூடம் போகவில்லை என்று அம்மா எழுதியிருந்தாள். மாமாவின் கடையில் தைக்கிறாயாம். எனக்கு இத்தனை கடிதம் எழுதினாய், இதை ஏன் எழுதவில்லை? படிப்பு உனக்கு வராத ஒன்றில்லையே.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்குத் தலைவலி வந்து வந்து போகிறது. நீ தண்ணீர் நிறையக் குடி.

இரண்டாவது படகு பல் டாக்டருடையது. உள்ளே படுக்கை, அடுப்பு, கண்ணாடி ஜன்னல் எல்லாம் உண்டு. மாமி அடுப்பைப் பார்த்ததும், "இங்கயும் நான்தான் சமைக்கணுமா?" என்று இறங்கிவிட்டாள். நம் வேன் அதை இழுக்காது என்பது எனக்கே தெரிந்தது. இருந்தாலும் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி சுட்டது. நெருப்பில் கை வைத்தது போல வேண்டுமென்றே உதறிக் காட்டினேன். அப்பா புரிந்துகொண்டார்.

டாக்டர் என்னிடம், "என்னம்மா, படகு பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். "பிடிச்சிருக்குன்னு அர்த்தம். மௌனம் சம்மதம்" என்று அவரே சிரித்தார். அப்பாவும், "ஆமா சார், எங்க வீட்டுல இவ பேசலேன்னா சரின்னு அர்த்தம்" என்றார்.

சோறு போடட்டுமா என்று கேட்டு நான் பேசாவிட்டால் அம்மா போடுகிறாள். விளக்கை அணைக்கட்டுமா என்றால் அணைத்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் பழகிவிட்டது.

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தாய். மாமாவால் மிதி இயந்திரத்தை மிதிக்க முடியவில்லை. அவர் துணியைப் பிடித்துத் தள்ளுகிறார், நான் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து மிதிக்கிறேன். "மெதுவா" என்றால் மெதுவாக, "நிறுத்து" என்றால் நிறுத்தம். மின்சார மோட்டார் மாட்டலாம் என்று மாமி சொல்கிறாள். நான் இருக்கும்போது எதற்கு என்று மாமா கேட்கிறார். மற்ற நேரத்தில் காஜா எடுக்கிறேன், பித்தான் தைக்கிறேன். கையில் வேலை இருந்தால் யாரும் பேசச் சொல்வதில்லை.

தங்கை


மே 24

அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லாரும் நலம்.

மூன்றாவதாக ஒரு படகு இருக்கிறதாம். ஒரு கணக்கு டீச்சருடையது. அதைப் பற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இது வேறு.

நீ கேட்டாய். "மாமா ஏறிட்டாரா?" என்று கேட்டாய். முன்னால் இன்னொரு படகு வந்துகொண்டிருந்ததால் திரும்பாமல் கேட்டாய். பின்னால் நின்றது நான் மட்டும்தான். மாமாவின் ஒரு கால் ஏணியில் இருந்தது, இன்னொன்று தண்ணீரில் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நான் பேசாவிட்டால் சரி என்று அர்த்தம். நீ வேறு என்ன நினைப்பாய்?

அப்புறம் கரையில் அப்பா உன் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, யாரையும் கேட்கவில்லை என்று சொன்னாய். நான் அப்போதும் பேசவில்லை. பத்து மாதமாகப் பேசவில்லை.

எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பக்கத்தில் அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கை


ஜூன் 2

உன் கடிதம் இன்று காலை வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் அடுத்த முறை.

நான் யாரையும் கேட்கவில்லை. ஏரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததும் அதுதான், அப்பாவிடம் சொன்னதும் அதுதான். இனி நீயும் அதையே வைத்துக்கொள். ஸ்டீயரிங் பிடித்தவன் திரும்பிப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

உனக்குப் பதினாறு வயது. அந்த ஊரிலேயே, அந்தத் தெருவிலேயே, அந்தக் கடையிலேயே இருக்கப் போகிறவள் நீ. நான் எங்கேயும் இருக்கலாம். நான் சொன்னதை மாற்ற நீ யார்?

இதைக் கிழித்துப் போட்டுவிடு.


ஜூன் 23

அண்ணாவுக்கு,

கிழித்துவிட்டேன். எல்லாரும் நலம். மழை வரும் போலிருக்கிறது, வருவதில்லை.

டீச்சரின் படகைப் பார்த்தோம். கணவர் இறந்தபின் மூன்று வருடமாக அவரே ஓட்டியிருக்கிறார். இப்போது தோள் வலி. மேலே கூரை இல்லை, முன்னால் இரண்டு வரிசை, பின்னால் ஒரு நீள இருக்கை. எட்டுப் பேர் ஏறலாம் என்று உள்ளே தகட்டில் பொறித்திருக்கிறது. எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. இரண்டாவது முறை திருப்பியதும் கிளம்பியது. தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீய்ச்சியது. பின்பலகை டக் டக். கியர் எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. என்றைக்கு எவ்வளவு நேரம் ஓட்டினார், எதை மாற்றினார் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மார்ஜின் கூடப் போட்டிருக்கிறார்.

"குறை ஒண்ணு இருக்கு, நானே சொல்லிடறேன். பின்னாடி போகும்போது வலது பக்கமா இழுக்கும்" என்றார்.

"எங்க வீட்டம்மாவும் அப்படித்தான் டீச்சர், பழகிடும்" என்றார் மாமா. மாமி அவர் தோளில் ஒன்று வைத்தாள்.

மாமா அங்கேயே நாடா எடுத்து எட்டு இருக்கைக்கும் அளவெடுத்தார். நான் எழுதிக்கொண்டேன். அப்பா, "ஏழு போதும்" என்றார். மாமா நாடாவைச் சுருட்டவில்லை.

"ஓட்டப் போறது யாரு? நீயா, நானா?" என்று கேட்டார்.

"யாராவது. கேக்காம கியர் போடாத எவனாவது" என்றார் அப்பா.

டீச்சர் ஜூலைக் கடைசி வரை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

தங்கை


ஜூலை 7

கோட்டானுக்கு,

போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். முக்காலியில் உட்கார்ந்தே மிதித்தால் இடுப்பு போய்விடும், நடுவில் எழுந்து நட.

அந்தப் படகை வாங்கச் சொல். நீ எழுதியதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் போகும்போது எல்லாப் படகும் இழுக்கும். அப்பா ஓட்டப் பழகிக்கொள்வார். நேரம் பார்க்கிறவர், நிதானம் இருக்கும்.

இங்கே என்னை நிரந்தரம் ஆக்குகிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம். நடுவில் விட்டுப் போக முடியாது, முதல் வருடம் விடுப்பும் கிடையாது. ஜூலை 24 அன்று கையெழுத்துப் போடுகிறேன். அறை கொடுக்கிறார்கள், ஜன்னல் உண்டு. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அப்பா கேட்டால் மட்டும் அப்பாவிடம் சொல்.

பதில் எழுத வேண்டியது ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஜூலை 20

அண்ணாவுக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, திரும்பப் பற்ற வைத்தாள். அப்பா கேட்கவில்லை. எல்லாருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

நேற்று டீச்சரின் படகை ஓட்டிப் பார்க்கப் போனோம். அப்பா, மாமா, நான். டீச்சர் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஆனால் திருப்பவில்லை. முப்பது வருடம் வகுப்பு எடுத்தவர் என்பதால் அவருக்கு ஒரு வழக்கம். படகு கிளம்புவதற்கு முன் வருகைப் பதிவு எடுப்பாராம். ஒவ்வொருவரும் வாயால் சொன்னால்தான் சாவி திரும்பும்.

"டைம்கீப்பர்?"

"உள்ளேன் டீச்சர்" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

"டைலர்?"

"பாதி உள்ளேன் டீச்சர், ஒரு கால் சொன்னபடி கேக்காது."

"பொண்ணு?"

நான் பேசவில்லை. படகு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அவ பேச மாட்டா, டீச்சர். பேசலேன்னா சரின்னு அர்த்தம். நீங்க கிளப்புங்க" என்றார் அப்பா.

"அந்தக் கணக்கு என் படகுல செல்லாது சார்" என்றார் டீச்சர். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

நான் சொன்னேன். "அன்னைக்கு அண்ணன் கேட்டான்."

என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. அப்பா, "என்ன?" என்றார். நான் திரும்பச் சொன்னேன். "மாமா ஏறிட்டாரான்னு கேட்டான். என்னைத்தான் கேட்டான். ஏறலன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. அவன் சரின்னு நெனச்சுக்கிட்டான். அப்புறம் எனக்காகப் பொய் சொன்னான்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

"ஏணியில நின்னப்ப என் மூஞ்சிக்கு நேரா இருந்தது இவ மூஞ்சிதான். அவன் கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. இவ வாயைத் திறந்தா. காத்துதான் வந்துச்சு."

"ஒரு வருஷமாடா? ஒரு வருஷமா என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு..."

"எந்தப் பிள்ளையைச் சொல்றது? அவனைக் காப்பாத்த இவளைச் சொல்லவா? படகு படகுன்னு உன்னை ஏன் நச்சரிச்சேன்னு நெனச்சே? மீன் பிடிக்கவா? படகு வந்தா ஓட்டுறவனைக் கூப்பிட்டுத்தானே ஆகணும்னு பார்த்தேன்."

அப்பா எழுந்தார். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று டீச்சர் சொன்னார். அப்பா உட்கார்ந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, திரும்பக் கட்டிக்கொண்டார். பிறகு, "கிளப்புங்க டீச்சர்" என்றார். ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். பின்னால் போகும்போது வலது பக்கமாகத்தான் இழுத்தது. கரைக்கு வந்ததும் அப்பா டீச்சரிடம் முன்பணத்தைக் கொடுத்தார். நோட்டில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் உன் பெயரை எழுதினார்.

வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு தாள் கொடுத்தார். "அவனுக்கு எழுது. கையெழுத்துப் போட வேண்டாம்னு எழுது." கொஞ்சம் பொறுத்து, "அப்பா சொன்னார்னு எழுது" என்றார். கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "தபால் போக ஒன்பது நாள் ஆகும். இருபத்தி நாலுக்குள்ள போகாது" என்றார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நேரமெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஆனால் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

மாமா நேற்று ராத்திரியே மின்சார மோட்டாருக்குச் சொல்லிவிட்டார்.

இந்த உறைக்கு நான் தபால்தலை ஒட்டவில்லை. காலை ஆறு பத்து பஸ்ஸில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடும். அம்மா சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். டிப்போ வாசலில் அப்பா நேரம் எழுதுகிற அட்டையோடு நின்றார். பஸ் கிளம்பியபோது எழுத மறந்துவிட்டார்.

நடத்துனர் வந்து எங்கே என்று கேட்டார். உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.